அபட்மென்ட்டை எத்தனை தடவை கழற்றுவது? திருகோணமலையில் இம்ப்ளான்ட் வைக்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் திருகாணி இறக்கும் இம்ப்ளான்ட் ஒப்பரேஷனைக் கொழும்பிலோ கண்டியிலோ செய்துகொண்டு, மேலே பல் கட்டும் வேலையைத் திருகோணமலையில் முடிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் விலை விபரம் இருக்கும். எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் தெரிந்திருக்கும். எலும்புக்குள் இறங்கிய திருகாணிக்கும் மேலே வரப்போகும் பல்லுக்கும் நடுவில் நிற்கும் துண்டைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யோசித்திருக்கமாட்டார்கள். அபட்மென்ட் என்பது அந்தத் துண்டைத்தான். அதை எத்தனை தடவை கழற்றிப் பூட்டுகிறோம், எந்த உயரத்தில் வைக்கிறோம், பல்லை அதன்மேல் எப்படிப் பொருத்துகிறோம் என்பதெல்லாம் சுற்றியுள்ள எலும்பையும் முரசையும் பாதிக்கும்.

பல் வைத்தியராக என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றும் தடவைகளைக் குறைப்பது நல்லது. ஆனால் அதற்காக மட்டும் கூடப் பணம் கொடுக்கவோ, ஒப்பரேஷன் நாளிலேயே அபட்மென்ட்டை நிரந்தரமாகப் பூட்டச் சொல்லி அடம்பிடிக்கவோ எல்லோருக்கும் தேவையில்லை. யாருக்குத் தேவை, யாருக்கு இல்லை என்பதுதான் இங்கே பேச்சு.

இயற்கைப் பல்லின் வேரிலிருந்து கொலாஜன் நார்கள் குறுக்காகப் புறப்பட்டு முரசுக்குள்ளும் எலும்புக்குள்ளும் ஊன்றியிருக்கும். வேரின் மேலுள்ள சிமென்டம் என்ற படைதான் அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. இம்ப்ளான்ட் செய்யப்படும் டைட்டேனியம் உலோகத்தில் அப்படி ஒரு படை இல்லாததால் நார்கள் அதற்குள் ஊன்றுவதில்லை. பக்கத்தில் சமாந்தரமாகவும் வளையமாகவும் ஓடுகின்றன. தைத்த உடுப்புக்கும் இடுப்பில் இறுக்கிக் கட்டிய சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி: சாரமும் நன்றாகவே நிற்கும், யாரும் பிடித்து இழுக்காதவரை.

அந்தப் பிடிமானத்துக்கு ஓர் உயரமும் வேண்டும். மேற்பக்கத்தில் எபிதீலியம் என்ற மெல்லிய படை சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு இருக்கும். அதன் கீழே 1 முதல் 1.5 மி.மீ. வரை இணைப்பிழையம். ஆக, எலும்பின் விளிம்புக்கு மேலே 3 முதல் 4 மி.மீ. தடிப்பான ஒரு காவல் எல்லோருக்கும் உருவாக வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் எலும்பை நெருங்காமல் தடுப்பது இதுதான். அந்த உயரம் மேலே கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்து, கீழே இடம் பிடித்துக்கொள்ளும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஆரம்ப மாதங்களில் எலும்பு இறங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அபட்மென்ட்டைக் கழற்றும்போது, ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய எபிதீலியம் கிழிகிறது. ஒரு சொட்டு இரத்தம் வருவதைச் சிலர் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை கிழிந்தால் சில நாட்களில் மூடிவிடும். மாதாமாதம் கிழித்தால்?

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது சுவீடனின் கோதன்பர்க்கில் ஆப்ரஹாம்சன், பெர்க்லுண்ட், லிண்டே ஆகியோர் நாய்களில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பக்கத்து அபட்மென்ட்களை மாதம் ஒரு தடவையாக ஐந்து தடவை கழற்றி, அல்ககோலால் துடைத்துத் திரும்பப் பூட்டினார்கள். மற்றப் பக்கத்தைத் தொடவில்லை. தொட்ட பக்கத்தில் இணைப்பிழையம் கீழே இறங்கியிருந்தது, எலும்பும் கூடுதலாகக் கரைந்திருந்தது. இதை மட்டும் வாசித்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் அதே குழு 2003இல் வெளியிட்ட அடுத்த ஆய்வையும் வாசிக்க வேண்டும். அதில் முரசு ஆறும்வரை போடும் தற்காலிக மூடியான ஹீலிங் அபட்மென்ட்டை ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டு நிரந்தர அபட்மென்ட்டைப் போட்டார்கள். எலும்பிலும் முரசிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. அதாவது ஒரு மாற்றத்தை உடம்பு தாங்குகிறது; ஓயாமல் செய்வதைத்தான் தாங்கமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் அல்ககோல் போட்டதும் முதல் ஆய்வின் சேதத்தில் கொஞ்சம் பங்கு வகித்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

மனிதரில் பிறகு பல ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, அபட்மென்ட்டைக் கழற்றாமலே விட்டவர்களின் எலும்பு சராசரியாகச் சுமார் 0.2 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக மிஞ்சியது என்பதைத்தான். முரசு இறங்குவதில் தெளிவான வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரே பிடிக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலே 0.2 மி.மீ. கூடிக் குறையும். வெற்றிகரமான இம்ப்ளான்ட்டுக்கு 1986இல் ஆல்பிரெக்ட்சன் குழு வகுத்த அளவுகோலும், முதலாம் வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவான இழப்பு இருக்கலாம் என்றே ஏற்றுக்கொண்டது. கழற்றாமல் விடுவதால் நன்மை இருக்கிறது, ஆனால் அது சிறிய நன்மை. கிளினிக்கில் யாராவது இதைப் பெரிய அதிசயமாகக் காட்டி விலையைக் கூட்டினால், எத்தனை மில்லிமீற்றர் மிஞ்சும் என்று கேளுங்கள்.

சரி, இனி வழிகளைப் பார்க்கலாம்.

வழமையான முறை

இங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான். எலும்பு பிடிக்கும்வரை, கீழ்த்தாடை என்றால் இரண்டு மூன்று மாதம், மேல்தாடை என்றால் இன்னும் கொஞ்சம் கூட, பொறுத்திருப்பார்கள். பிறகு ஹீலிங் அபட்மென்ட் என்ற குட்டையான மூடி முரசுக்கு வெளியே தெரியும். அளவெடுக்க அதைக் கழற்றிப் பூட்டுவார்கள். பல் செய்யும் லாப்பிலிருந்து வந்ததை வைத்துப் பார்க்க இன்னொரு தடவை. கடைசியாக நிரந்தரமாகப் பொருத்தும்போது ஒரு தடவை. எல்லாம் ஒழுங்காகப் போனால் மூன்று தடவை. அளவு பிழைத்து லாப்புக்குத் திரும்பப் போனால் ஐந்து ஆறும் ஆகும். அந்த ஐந்தும் ஆறும்தான் ஆபத்தான பக்கம்.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. முரசு ஆறி, அதன் உயரமும் வடிவமும் நிலைத்த பிறகே அபட்மென்ட் தெரிவு செய்யப்படுகிறது. பிழை விட இடம் குறைவு. திருத்தவும் வழி உண்டு.

ஒரே தடவை பூட்டி விடுவது

இதில் ஒப்பரேஷன் நாளிலேயே, அல்லது பிறகு முரசைத் திறக்கும் இரண்டாம் கட்ட நாளிலேயே, நிரந்தர அபட்மென்ட்டைப் போட்டுவிடுவார்கள். பிறகு அதைத் தொடுவதில்லை. அளவெடுப்பதும் பல் பொருத்துவதும் அதற்கு மேலேதான். உயிரியல் கணக்கில் இதுவே முதலிடம்.

நடைமுறைக்கு வரும்போது அவ்வளவு சுலபமில்லை. இம்ப்ளான்ட் எலும்புக்குள் முதல் நாளே உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். எலும்பு ஒட்டு வைத்தவர்களுக்கும், எலும்பு மென்மையாக இருப்பவர்களுக்கும் முரசால் மூடிவிட்டுப் பொறுத்திருப்பதே நல்லது. முரசு எங்கே வந்து நிற்கும் என்று தெரியாத நாளில் அபட்மென்ட்டின் உயரத்தையும் சாய்வையும் தீர்மானிக்க வேண்டியும் வருகிறது. பிறகு முரசு ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் உலோக விளிம்பு தெரியும். அதற்குப் பயந்து ஆழமாக வைத்தால், பல்லை ஒட்டும் சீமெந்தால் பிரச்சினை வரும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கில் இந்த முழு விவாதத்திலும் 0.2 மி.மீ.ஐ விடப் பாரமான விஷயம் அதுதான்.

ஒரே ஒரு மாற்றம்

ஒப்பரேஷன் முடிந்த கையோடு ஸ்கான் பொடி என்ற சிறு துண்டைப் பூட்டி, வாய்க்குள் விடும் ஸ்கானரால் இம்ப்ளான்ட்டின் இடத்தைப் பதிந்துகொள்வார்கள். பிறகு ஹீலிங் அபட்மென்ட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். எலும்பு பிடிக்கும் மாதங்களில் லாப் பல்லைச் செய்து முடிக்கும். நீங்கள் திரும்பி வரும் நாளில் மூடியை ஒரு தடவை எடுத்து நிரந்தர அபட்மென்ட்டும் பல்லும் பூட்டப்படும். 2003 ஆய்வு ‘பரவாயில்லை’ என்று சொன்ன எல்லைக்குள்ளேயே இது நிற்கிறது.

குறை என்னவென்றால், ஆறிய முரசின் வடிவத்தை லாப் பார்த்திருக்காது. கடைவாய்ப் பல்லில் இது பெரிய விஷயமில்லை. சிரித்தால் தெரியும் பல்லில் இதை நான் விரும்புவதில்லை.

இணைப்பை முரசுக்கு மேலே கொண்டுவருவது

சில இம்ப்ளான்ட்களுக்கு மினுமினுப்பான கழுத்து ஒன்று சேர்ந்தே வருகிறது. டிஷூ லெவல் என்பார்கள். ஸ்ட்ராமன் நிறுவனத்தின் அந்த வகையில் கழுத்தின் உயரம் 1.8 அல்லது 2.8 மி.மீ. கழுத்து முரசுக்குள் நிற்பதால் பல் பூட்டும் இணைப்பு எலும்பிலிருந்து தள்ளி மேலே வந்துவிடுகிறது. நீங்கள் எத்தனை தடவை கழற்றினாலும் ஆழத்திலுள்ள இணைப்பிழையத்தில் கை படாது. கழுத்தில்லாத இம்ப்ளான்ட் என்றாலும், ஓர் இடைத்துண்டை முதல் நாளே நிரந்தரமாகப் பூட்டி, அதன்மேல் பல்லை ஸ்குரூவால் பொருத்தி இதே பயனைப் பெறலாம். தனிப் பல்லுக்கு அந்த இடைத்துண்டு சுழலாத அமைப்பில் இருக்க வேண்டும். எல்லாக் கம்பனிகளிடமும் கிடைக்கும் என்றில்லை.

பின்பக்கத்துத் தனிப் பல்லுக்கு என்னைக் கேட்டால் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். முன்பல்லுக்குச் சொல்லமாட்டேன், கழுத்து வெளியே தெரிந்துவிடலாம்.

இனிச் சீமெந்து. அபட்மென்ட்டைக் கழற்றக்கூடாது என்று தீர்மானித்துவிட்டால், பல்லை அதன்மேல் சீமெந்து போட்டு ஒட்டுவதே பெரும்பாலும் நடக்கும். ஒட்டும்போது பிதுங்கும் சீமெந்து முரசுக்குள் இறங்கும். விளிம்பு முரசுக்கு ஒரு மில்லிமீற்றர் கீழே போனாலே முழுவதையும் எடுத்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். எக்ஸ்ரேயில் பக்கங்கள் தெரியும். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் இம்ப்ளான்ட்டின் நிழலில் மறைந்துவிடும். இயற்கைப் பல்லின் முரசைப் போல இறுக்கமான பிடிமானம் இங்கே இல்லாததால் சீமெந்து தடையில்லாமல் ஆழத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் வில்சன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சி கண்ட இம்ப்ளான்ட்களைச் சிறு கமராவால் பார்த்தபோது 81 வீதமானவற்றில் மிஞ்சிய சீமெந்து இருந்தது. அதைச் சுத்தப்படுத்திய பிறகு அவற்றில் 74 வீதமானவற்றில் அழற்சி அடங்கிவிட்டது.

என்னோடு கதைத்த உறவுக்கார மாமி ஒருவர் உப்புவெளியில் இருக்கிறார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்காக விசாரித்துக்கொண்டிருந்தார். “கழட்டாமலே விட்டா முரசு நல்லா இருக்குமாம் தம்பி, ஒட்டிவிடச் சொல்லட்டே?” என்று கேட்டார். “ஒட்ட வேண்டாம் மாமி, ஸ்குரூவாலே பூட்டச் சொல்லுங்கோ. ஒருக்காக் கழட்டுறதாலே ஒண்டும் வராது, சீமெந்து மிஞ்சினாத்தான் வரும்” என்றேன். கழற்றுவதைத் தவிர்க்கப் போய்ச் சீமெந்தை வரவழைப்பது நட்டக் கணக்கு. விளிம்பு முரசின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்து, வேலை செய்கிறவர் நிதானக்காரராக இருந்தால் ஒட்டுவதிலும் தப்பில்லை. ஆழமாக ஒட்டுவதைத்தான் மறுக்கச் சொல்கிறேன்.

முரசின் தடிப்பும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. லித்துவேனியாவில் லின்கெவிசியஸ் குழு 2009இல் காட்டியது: எலும்புக்கு மேலுள்ள முரசு 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால், இணைப்பு எலும்புக்கு மேலே இருந்தாலும் முதல் வருடத்தில் 1.45 மி.மீ. வரை எலும்பு இறங்கலாம். கழற்றும் கணக்கான 0.2ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு கேட்கும் 3 மி.மீ. உயரம் அங்கே இல்லை, எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அபட்மென்ட்டின் உயரமும் இதோடு சேர்ந்தது: 2 மி.மீ.க்குக் குறைவான குட்டை அபட்மென்ட்களைச் சுற்றி எலும்பு கூடுதலாக இறங்குவதை ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. மெல்லிய முரசுக்காரருக்கு இம்ப்ளான்ட்டைச் சற்று ஆழமாக வைப்பதா, முரசைத் தடிப்பாக்குவதா என்று ஒப்பரேஷனுக்கு முன்னரே பேச வேண்டும். கழற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

முன்பல் ஒரு தனிக் கதை. அங்கே முரசின் வளைவு பக்கத்துப் பல்லோடு பொருந்த வேண்டும். அதற்காகத் தற்காலிகப் பல்லை ஸ்குரூவால் பூட்டி, கழற்றி, கொஞ்சம் பிளாஸ்டிக் கூட்டி, திரும்பப் பூட்டி முரசைப் படிப்படியாகத் தள்ளி வடிவமைப்போம். அழகுக்காகத் தெரிந்தே கழற்றுகிறோம். எலும்பில் சிறிது விட்டுக்கொடுத்து முரசின் வடிவத்தை வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் இரண்டு தடவையில் முடிப்பார். ஒப்பரேஷன் நாளிலேயே அந்தப் பல்லின் வடிவத்துக்கென்று ஹீலிங் அபட்மென்ட்டைச் செய்து போட்டால் அதையும் குறைக்கலாம். மெல்லிய முரசில் டைட்டேனியம் சாம்பல் நிறமாகத் தெரியும் என்பதால் முன்னுக்குச் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகையை வைக்கலாம். இரண்டோடும் முரசு நன்றாகவே ஒத்துப்போகிறது. முன்பு பழக்கத்திலிருந்த தங்கக் கலப்பு அபட்மென்ட்கள்தான் நாய்களில் செய்த ஆய்வில் சரியாக ஒட்டாமல் எலும்பை இறக்கின.

திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது இன்னும் இரண்டு விஷயங்கள் தராசில் ஏறுகின்றன. ஒன்று பயணம். கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருகிறவருக்கு அதற்கு மேலும் ஒரு துண்டு. இரவு ரயிலில் போய் அடுத்த இரவு திரும்பினால்கூட ஒவ்வொரு ‘வந்து காட்டிவிட்டுப் போங்கள்’ என்பதும் ஒரு நாள் சம்பளம். ஒரே மாற்றம் என்ற மூன்றாவது வழி இந்தக் காரணத்துக்காகவே எங்கள் பக்கத்துக்குப் பொருந்துகிறது: ஒப்பரேஷனுக்கு ஒரு தடவை, தையல் எடுக்க உள்ளூரில் ஒரு தடவை, பல் பூட்ட ஒரு தடவை. எலும்பு காக்கும் வழியும் பணம் காக்கும் வழியும் அதிர்ஷ்டவசமாக இங்கே ஒன்றாகவே வருகின்றன.

மற்றது, தளர்ந்த ஸ்குரூ. அபட்மென்ட் ஸ்குரூவைக் கம்பனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்றிமீற்றர், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை இறுக்குவது நல்ல பழக்கம். உலோகம் படிந்து இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். கைவிரலால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால் சில மாதத்தில் ஆடத் தொடங்கும். ஆடும் அபட்மென்ட் ஒவ்வொரு மெல்லுதலிலும் முரசைப் பிய்த்துக்கொண்டிருக்கும், இடைவெளியில் கிருமி குடியிருக்கும். யாரும் எண்ணாத கழற்றல் அது. பல் லேசாக ஆடுகிறது, அல்லது முரசில் சிறு கட்டி வருகிறது என்றால் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தக் கிழமையே காட்டுங்கள்.

சுத்தமும் அப்படித்தான். லாப்பில் அரைத்துச் செய்த அபட்மென்ட்டில் உலோகத் தூளும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதைச் சுத்திகரித்த பிறகே முரசுக்குள் விட வேண்டும். ஒருவர் வாயிலிருந்த ஹீலிங் அபட்மென்ட்டைக் கழுவி, ஓட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் போட்டு இன்னொருவருக்குப் பாவிப்பதும் நடக்கிறது. கிருமி செத்தாலும் புரதப் படிவு பெரும்பாலும் போவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதியதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெற்றிலை போடுகிறவர்களும் சீனி வருத்தக்காரரும் மேலே சொன்ன வழிகளில் எதைத் தெரிவு செய்தாலும் முதலில் வேறு வேலை இருக்கிறது. கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை 7 வீதத்துக்கு மேலே நின்றால் வைத்தியரோடு பேசிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சுருட்டும் சிகரெட்டும் எலும்பு பிடிப்பதைக் கெடுக்கும். பாக்கால் வாய் இறுகி, முழுதாகத் திறக்க முடியாமல் போனவர்களுக்குக் கடைவாயில் ரெஞ்சை விடவே இடம் இருக்காது. அவர்களுக்கு ஒவ்வொரு கழற்றலும் எங்களுக்கும் அவர்களுக்கும் சித்திரவதை. அங்கே இம்ப்ளான்ட் வேண்டுமா என்பதையே திரும்ப யோசிக்கலாம். பிரிட்ஜும் கழற்றி மாட்டும் பல்செட்டும் இன்னும் வழக்கொழிந்து போகவில்லை.

எந்த வழியானாலும் ஒப்பரேஷன் செய்த இடத்தில் ஒரு அட்டை கேட்டு வாங்குங்கள். அதில் இம்ப்ளான்ட்டின் கம்பனி, மொடல், விட்டம், நீளம், அபட்மென்ட்டின் உயரம், எந்த ஸ்குரூ, எவ்வளவு டோர்க் என்பது இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பனிக்கும் டிரைவரின் முனை வேறு. அட்டை இல்லாமல் வருகிறவருக்கு எது பொருந்துமென்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கும்போது ஸ்குரூவின் தலை தேய்ந்துவிடும்; பிறகு அதை எடுக்க யாரிடமும் சுலப வழி இருக்காது. ஹீலிங் அபட்மென்ட் கழன்று விழுந்தால் அதைக் கழுவி ஒரு சுத்தமான டப்பாவில் போட்டுக்கொண்டு அன்றைக்கோ மறுநாளோ அருகிலுள்ள பல் வைத்தியரிடம் போங்கள். நீங்களே வைத்து முறுக்க வேண்டாம். சில நாள் விட்டால் முரசு மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்க ஊசியும் கத்தியும் வேண்டிவரும்.